உப்புக் கரிக்கும் திராட்சை

அய்யா, இந்தக் கடிதத்தை வேலைக்கு நடுவிலோ வண்டியில் போகும்போதோ படிக்காதே. ஓரிடத்தில் உட்கார்ந்து படி. போனில் நீ கேட்டதற்கெல்லாம் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். எனக்குச் சரி இல்லை. வெளிநாடு போவதற்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் அத்தை வீட்டுத் திராட்சைக் கொடியை வேரோடு தோண்டி எடுத்து, பெங்களூர்ப் பக்கம் நீ வேலை பார்த்த தோட்டத்தில் நட்டுவிட்டுப் போகப் போவதாகச் சொன்னாய். அதற்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும் சொன்னாய். திரும்பி வரும்போது அதில் உன் கையால் ஒயின் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். ஆசையில் தப்பு இல்லை. ஆனால் அந்த வேரில் மண்வெட்டி படக்கூடாது. ஏன் என்று சொல்ல அப்போது எனக்கு வாய் வரவில்லை. உன் தங்கச்சி பக்கத்திலேயே நின்றாள், அவளுக்கும் இது தெரியாது. அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள், எழுத்தில் பிசகு இருக்கும். விஷயத்தில் பிசகு இருக்காது. எனக்கு எதுவும் மறக்காது என்பது உனக்கே தெரியும். அதனால் எத்தனை பேர் என்னோடு பேச்சை விட்டார்கள் என்பதும் தெரியும்.

பங்குனியில் ஒயினை ருசி பார்த்துச் சொல்கிற பரீட்சைக்காக இங்கே ராஜபாளையத்தில் வந்து தங்கியிருந்தாயே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். பாட்டில்களை எல்லாம் செய்தித்தாளில் சுற்றி, எது எது என்று உனக்கே தெரியாதபடி என் பேத்தியை, உன் தங்கச்சி மகளை, மாற்றி மாற்றி வைக்கச் சொல்வாய். அவள் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றுவாள். நீ அதை வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்து நிறம் பார்ப்பாய், சுழற்றுவாய், மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாய். ஒரு வாய் எடுத்துக் கொப்பளிக்கிற மாதிரி சத்தம் போட்டு, உன் தாத்தாவின் வெற்றிலைப் படிக்கத்தில் துப்புவாய். பிறகு எந்தத் திராட்சை, எந்த நாடு, எந்த வருஷத்து மழை என்று சொல்வாய். மூக்குக்குப் பாடம் படிக்கிறேன் என்று சந்தையில் இருந்து பம்பளிமாஸ், விளாம்பழம், மல்லிக்கட்டு, ஈரக் கருங்கல் வரைக்கும் கொண்டுவந்து அடுப்பங்கரையில் பரப்பி வைத்திருந்தாய். நான் அதையெல்லாம் தாண்டித் தாண்டிச் சமைத்தேன். எதிர்வீட்டுக்காரிதான் தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில், ஒங்க மகனுக்குக் குடிக்கதுதான் வேலையாமே என்று கேட்டாள். "அவன் துப்பிருதான். ஒன் வீட்டுக்காரர் துப்பாம முழுங்குறாரே, அத மொதல்ல பாரு" என்றேன். அன்றைக்கு விட்ட பேச்சு இன்னும் சேரவில்லை. சேர வேண்டாம்.

அப்போதெல்லாம் நீ துப்புவதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. உனக்குள்ளே எதுவும் போகவில்லை, நாக்கோடு நின்றுவிடுகிறது என்ற நிம்மதி. உன் தொழிலைப் பற்றி உன் சித்தப்பன் வீட்டில் பேசியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு நீ மும்பையில் பரீட்சை முடித்த கையோடு கூப்பிட்டாய். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வரிசையாகக் கிளாஸ் வைத்திருந்தார்களாம். கடைசிக் கிளாஸில் வேண்டுமென்றே யாருக்கும் பழக்கமில்லாத வெள்ளை ஒயினை ஊற்றியிருந்தார்களாம். உன்னோடு எழுதியவர்கள் எல்லாரும் முகர்ந்து, குடித்து, துப்பி, ஏதேதோ பேர் எழுதினார்களாம். நீ ஒருத்தன்தான் சரியாக எழுதினாயாம். அந்தப் பேரை நீ இரண்டு தரம் சொல்லியும் என் வாயில் நிற்கவில்லை. பேத்தியைக் கேட்டு எழுதுகிறேன்: பெத்தீத் ஆர்வீன். பனிமலைக்கு நடுவில் ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் விளைகிற திராட்சை என்றாய். அதைக் கண்டுபிடித்ததால்தான் அந்த ஊர்க்காரர்கள் உன்னை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்றாய். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, நீ அடுத்ததைச் சொல்லும்வரை.

"அம்மா, அத நான் இதுக்கு முந்தி குடிச்சதே இல்ல. படிச்சிருக்கேன், அம்புட்டுதான். வாயில வச்சதும் பம்பளிமாஸ் மாதிரி இருந்துச்சு. பொறவு உப்புக் கரிச்சுச்சு. ஒடனே ஒரு கெணறு தெரிஞ்சுது. ஒரு பக்கம் கல்லு ஒடஞ்ச கெணறு. மேல பந்தல், எல வழியா வெயில். எனக்குப் பக்கத்துல யாரோ நிக்காங்க. திரும்பிப் பாக்கணும்னு தோணல. துப்பவும் தோணல, முழுங்கிட்டேன்" என்றாய்.

திராட்சைக் கொடி இருந்ததாக அப்பா சொல்வாரே, அந்த அத்தை வீட்டுக்குச் சின்னப் பிள்ளையில் போயிருப்பேனோ என்று கேட்டாய். நான் கீரை முறத்தைத் தள்ளி வைத்தேன். நீ அந்த வீட்டுக்குப் போனதே இல்லை. நான் உன்னைப் போகவிட்டதே இல்லை. அந்தக் கிணற்றுக்கு நீ பிறப்பதற்கு முன்னாலேயே சிமெண்டுப் பலகை போட்டு மூடிவிட்டார்கள். கிழக்குப் பக்கம் கல் உடைந்திருந்தது, அந்தப் பலகைக்கு அடியில். இன்றைக்கு உயிரோடு இருப்பவர்களில் அது எனக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகுதான் நீ அத்தை மகனிடம் போட்டோ கேட்டு வாங்கி, கொடியின் இலையைப் பார்த்து, அதே ஜாதி என்று துள்ளினாய். இலையைப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இல்லை. உப்பு என்று நீ சொன்னபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு நினைவிருக்காது. நீ அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்த வயசில், மதுரைக்குப் போகிற வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறினோம். அத்தை வீட்டுத் தெரு கூப்பிடு தூரம்தான், நான் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. உனக்கு இலையில் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். நீ அதைச் சரிபாதியாகப் பிட்டு, பாதியை உன் இடது பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாய். அங்கே ஆள் யாரும் இல்லை. யாருக்குடா என்று கேட்டேன். "அக்காவுக்கு" என்றாய். உனக்கு அக்கா கிடையாது, தங்கச்சிதான் இருக்கிறாள், அவளும் அப்போது கைக்குழந்தை. உனக்கு அக்கா என்று யாரையும் நம் வீட்டில் சொல்லிக் கொடுத்ததில்லை. நான் உன்னை அறைந்துவிட்டேன். நீ அழவில்லை, நீட்டிய கையை மடக்கவும் இல்லை. ஈ மொய்க்க மொய்க்க அந்தப் பாதி உன் கையிலேயே இருந்தது. பஸ் ஏறியபிறகு பார்த்தேன், கையில் இல்லை. கீழே போட்டாயா, தின்றாயா என்று நான் கேட்கவில்லை.

உனக்கு ஒரு அக்கா இருந்தாள். இதுதான் விஷயம்.

எனக்குத் தாய் இல்லாததால் தலைப்பிரசவத்துக்கு உன் அத்தை வீட்டுக்குத்தான் போனேன். உன் அப்பா பட்டாளத்தில், எல்லைப் பக்கம். உன் அத்தை, உன் அப்பாவின் அக்கா, எனக்கு மதினி முறை, அப்போது நன்றாகத்தான் வைத்துக்கொண்டாள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வீட்டுக் கொல்லையில் கிணற்றை ஒட்டிப் பந்தல் போட்டு அந்தக் கொடி இருந்தது. அவளுடைய மாமனார் கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரச் சாமியாருக்குச் சமையல் செய்தவர். சாமியார் தன் ஊரில் இருந்து கொண்டுவந்து, மாதா கோவில் பூசைக்குத் திராட்சை ரசம் பிழிய வளர்த்த கொடியாம். அதில் ஒரு குச்சியை ஈரச் சாக்கில் சுற்றி மலையில் இருந்து இறக்கியிருக்கிறார். இலை இலையாகப் படர்ந்ததே தவிர, காய்க்கவில்லை. திராட்சைக் கொடிக்கு ஆட்டு ரத்தம் ஊற்றுவதும், செத்த நாயை வேரடியில் புதைப்பதும் நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். உன் அத்தையும் செய்தாள். அவர்கள் வீட்டு வெள்ளை நாய், நம் ராஜபாளையத்து ஜாதி, வயசாகிச் செத்தபோது அங்கேதான் வைத்தார்கள். அந்த வருஷம் கையளவுக்கு ஒரு கொத்து காய்த்ததாம். அதோடு சரி.

ஆவணியில் எனக்கு வலி எடுத்தது. நல்ல உச்சி வெயில். மருத்துவச்சியும் உன் அத்தையும்தான் கூட. குழந்தை பிறந்தது, அழவில்லை. தூக்கித் தட்டினார்கள், தலைகீழாகப் பிடித்தார்கள், அழவில்லை. நெற்றி நிறைய முடி. ஒரு உள்ளங்கை விரிந்து இருந்தது, அவ்வளவுதான் எனக்குக் காட்டினார்கள். பழைய மஞ்சள் சேலையில் சுற்றி உன் அத்தை எடுத்துக்கொண்டு போனாள். சின்ன உயிரை எரிக்க மாட்டார்கள், ஓடைக்கரையில் புதைத்தாயிற்று என்று வந்து சொன்னாள். போன சுருக்கிலேயே வந்துவிட்டாள். ஓடை அவ்வளவு பக்கத்தில் இல்லை. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

தையில் உன் அப்பா லீவில் வந்துவிட்டுப் போனார். சித்திரையில் நீ என் வயிற்றில் இருந்தாய். தண்ணீர் குடித்தால்கூடக் குமட்டும். அப்போது நாங்கள் இருந்த சோழபுரத்து வீட்டில் சோறு வடிக்கிற வாடையே எனக்கு ஆகவில்லை. அந்த மாதம்தான் அந்தக் கொடி காய்த்தது. பந்தல் வளைகிற அளவுக்குக் காய்த்தது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். உன் அத்தை ஒரு கூடை கொடுத்துவிட்டாள். மஞ்சளும் பச்சையுமாகச் சின்னச் சின்னப் பழம். வாயில் போட்டால் முதலில் இனிப்பு, கூடவே பம்பளிமாஸ் மாதிரி ஒரு புளிப்பு, முழுங்கியபிறகு நாக்கின் அடியில் உப்பு. அது ஒன்றுதான் எனக்கு வயிற்றில் தங்கியது. கூடை காலியானதும் நானே பஸ் ஏறி அங்கே போய்விட்டேன். பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து கொத்துக் கொத்தாகப் பறித்துத் தின்றேன். தின்னத் தின்ன வேண்டும்போல் இருந்தது. வயிற்றுக்குள் நீ அப்போதுதான் முதல்முதலாக அசைந்தாய். உப்புக் கரிக்கிறதே என்று கேட்டதற்கு, கிணற்றுத் தண்ணீர் அப்படி என்றாள் உன் அத்தை. கிணற்றுத் தண்ணீரை நானும் குடித்தேன். அது சப்பென்றுதான் இருந்தது.

ஒருநாள் நான் பந்தலடியில் இருப்பது தெரியாமல், பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று உன் அத்தையிடம் கேட்டாள், மாசமா இருக்கவ இம்புட்டு புளிப்புத் திங்கலாமா என்று. உன் அத்தை சிரித்துக்கொண்டே, "திங்கட்டும் விடு. அவ பெத்ததுதான அவளுக்கு ஊட்டுது" என்றாள்.

அய்யா, வாயில் இருந்த பழத்தை நான் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு முழுங்கிவிட்டேன். எப்படித் துப்புவேன்?

உள்ளே போய்க் கேட்டேன். உன் அத்தை முகம் ஒரு நொடிதான் மாறியது. "ஓடக்கரையில வச்சா நாய் தோண்டிரும். அதான் வீட்டுக்குள்ளயே வச்சேன். வெயில் படாத எடமாப் பாத்துதான் வச்சேன். தப்பா?" என்று திருப்பிக் கேட்டாள். அவள் அதை இரக்கப்பட்டுச் செய்தாளா, கொடி காய்க்க வேண்டும் என்று செய்தாளா என்று இத்தனை வருஷமாக உட்கார்ந்து யோசித்துவிட்டேன். இரண்டும் இருந்திருக்கும். இரண்டும் இருந்ததுதான் எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு வாசல் தாண்டியவள் திரும்பப் போகவில்லை. அந்த வாரமே அவள் வீட்டுக்காரர் கொடியை அடியோடு வெட்டிவிட்டுக் கிணற்றையும் மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். உன் அப்பாவுக்குச் சொன்னபோது, "அக்கா நல்லதுக்குத்தான் செஞ்சிருக்கும்" என்றார். அவர் படத்துக்கு மாலை போடும்போதெல்லாம் அந்தச் சொல்லையும் நினைத்துக்கொண்டுதான் போடுகிறேன். சொந்தக்காரர்கள் ஏதோ கல்யாணப் பந்தியில் என்னைக் கவனிக்கவில்லை என்று நான் அவளோடு கோபித்துக்கொண்டதாக நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் உன் அத்தை செத்தபோது நீ வர முடியவில்லை. நான் போனேன், உள்ளே போகவில்லை. தெருவில், கொல்லைச் சுவரை ஒட்டி நின்றேன். பாடையைத் தூக்குகிற நேரத்தில் யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சுவருக்கு மேலே இருந்து கொடி இறங்கியிருந்தது. வெட்டிப்போட்ட கட்டையில் இருந்து துளிர்த்து, தண்ணீர் விட ஆள் இல்லாமலே சுவர் ஏறித் தெருவுக்கு வந்திருந்தது. அதன் சுருள் ஒன்று என் சேலைக் கரையைச் சுற்றியிருந்தது. சுற்றி முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று உனக்குத் தெரியும், நீ தோட்டத்துக்காரன். நான் அங்கே நின்றது செத்த நேரம்தான். அதை அறுக்க மனசு வரவில்லை, மெதுவாகப் பிரித்துவிட்டுவிட்டு வந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், வேரைத் தோண்டாதே. தோண்டினால் உன் கையில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அது உன் கையில் வரக்கூடாது. வேலைக்கு வந்த ஆளின் மண்வெட்டியிலும் வரக்கூடாது.

இதுவரை எழுதிவிட்டு, தபாலில் போட மனசு வராமல் அரிசிப் பானைக்கு மேலே சில நாள் வைத்திருந்தேன். தோண்டாதே என்று மட்டும் சொன்னால் நீ கேட்கிற ஆள் இல்லை, என் வயிற்றில் பிறந்தவன். உனக்கு வேண்டியதை நானே எடுத்துக் கொடுத்துவிட்டால் நீ அங்கே போக வேண்டியதில்லை என்று தோன்றியது. நேற்றுக் காலையில் பஸ் ஏறினேன். உன் தங்கச்சியிடம் ஆண்டாளைக் கும்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். அத்தை மகன் கோர்ட்டுப் பக்கத்துக் கடையை அப்படியே போட்டுவிட்டுச் சாவியோடு ஓடி வந்தான். என்னை அந்த வாசலில் பார்த்ததும் சாவியைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தான். உள்ள வாரீகளா அத்தை என்று பயந்து பயந்து கேட்டான். வாரேன் என்றேன்.

கொல்லை அப்படியேதான் இருந்தது. சிமெண்டுப் பலகை முழுக்க இலை. ஆனால் இலை வாடியிருந்தது, ஓரமெல்லாம் கருகியிருந்தது. "நல்லாத்தான் அத்தை தழச்சு நின்னுச்சு. ஒங்க மகன் போட்டோ கேட்டானே, அதுக்கு மறுவாரம் தொட்டு வாடுது. தண்ணியும் ஊத்திப் பாத்துட்டேன்" என்றான். இலைக்கு அடியில் கொத்து இருந்தது, காய்க்கிற காலமே இல்லை இது. நான் ஒரு பழத்தைப் பறித்தேன். அவனை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு வாயில் போட்டேன்.

இனிப்பு இருந்தது. புளிப்பு இருந்தது. முழுங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன், நீ காத்திருப்பாயே, அந்த மாதிரி. உப்பு வரவில்லை. இன்னொன்று தின்றேன். இன்னொரு கொத்தில் இருந்தும் தின்றேன். வெறும் திராட்சை. கடையில் வாங்குகிற திராட்சை மாதிரி நாக்கில் ஒன்றும் நிற்கவில்லை. சுவருக்கு வெளியே தெருப் பக்கம் தொங்கிய சுருளைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த நூல்போல உதிர்ந்துவிட்டது. அந்த வீட்டில் யாரும் இல்லை, அய்யா. முன்னே அந்த ஊரைக் கடந்து போகும்போதுகூட என் முதுகில் ஒரு பார்வை இருக்கும். நேற்று இல்லை. எனக்கு அழுகை வந்தது, பயத்தில் இல்லை. உன் அக்கா எங்கே போனாள் என்று எனக்குத் தெரிந்ததால் வந்தது. அத்தனை பேர் துப்பிய இடத்தில் நீ ஒருத்தன்தான் முழுங்கினாய்.

வேர் அங்கேயே கிடக்கட்டும். பச்சை இருந்த குச்சிகளாகப் பார்த்து நானே வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருக்கிறேன். இங்கே நம் கொல்லையில் வாளித் தண்ணீரில் நிற்கின்றன. பிழைத்தால் உன் தோட்டத்தில் வை, பிழைக்காவிட்டால் விட்டுவிடு, மண்வெட்டியோடு யாரும் வர வேண்டாம். நீ மட்டும் வா, கண்ணால் ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன். அந்த ஊரில் குளிர் அதிகம் என்கிறாய், காதை மூடிக்கொள். யார் எதைச் சாப்பிடக் கொடுத்தாலும் எங்கே விளைந்தது என்று கேட்டுவிட்டுச் சாப்பிடு. அவளைப் பற்றி உன் பெண்டாட்டியிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். பக்கத்தில் ஆள் நிற்கிற மாதிரி இருந்தால் பயப்படாதே, திரும்பியும் பார்க்காதே. சின்ன வயசில் உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே பிட்டுக் கொடுக்கத் தெரிந்தது, நான்தான் அறைந்து நிறுத்தினேன். இனி நிறுத்த மாட்டேன். எந்த ஊரில் எந்தக் கிளாஸை எடுத்தாலும், மற்றதையெல்லாம் உன் தொழிலுக்காகத் துப்பிக்கொள். முதல் வாயை மட்டும் துப்பாதே. அது உனக்கு ஊற்றியது இல்லை.